பீப் அடிக்கும் கணினி இன்னும் சாகவில்லை

கேள்வி: வேதாரண்யத்தை அடுத்த கிராமத்தில் வசிக்கும் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் நான். 2012இல் திருத்துறைப்பூண்டியில் அசெம்பிள் செய்து வாங்கிய கணினி, விண்டோஸ் 7. ஐப்பசி மழையில் ஓரிரவு மின்சாரம் பலமுறை போய்ப் போய் வந்தது. மறுநாள் காலை பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாகவே நிற்கிறது. உள்ளிருந்து நீளமான பீப் ஒலி விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கிறது. அதற்கு முன்பே ஆறு மாதமாகத் தேதியைத் தவறாகக் காட்டும். எஃப்1 அழுத்தினால்தான் மேலே போகும். கடைக்காரர், "மதர்போர்டு போய்விட்டது, பழையதைக் கொடுத்துவிடுங்கள், புதியதன் விலையில் இரண்டாயிரம் கழித்துக்கொள்கிறேன்" என்கிறார். உப்பளத்திலும் நடவிலும் பெண்கள் பாடிய பாட்டுகளைப் பதினைந்து ஆண்டுகளாகச் சேகரித்து அதில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். ஒலிநாடாவிலிருந்து மாற்றிய பதிவுகளும் உண்டு. பாடியவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. பென் டிரைவில் இருப்பது பாதிகூட இல்லை. கணினியைக் கொடுத்துவிடலாமா? நானே ஏதும் செய்து பார்க்க முடியுமா?

ஐயா, வணக்கம்.

கொடுத்துவிடாதீர்கள். கடைக்காரர் மறுபடி கேட்டால், யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் கோப்புகள் எல்லாம் சேமித்திருப்பது அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கில். அது உங்கள் கையைவிட்டுப் போகக் கூடாது. மற்றவை எல்லாம் பணம் கொடுத்தால் கிடைக்கிற பொருள்கள்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணினி பழுது பார்க்கிறேன். பெரும்பாலும் 'ஆன் ஆகவில்லை' என்ற இரண்டே சொல்லோடு பெட்டி வந்து இறங்கும். நீங்கள் விளக்கு எரிவதை, விசிறி சுற்றுவதை, ஒலியின் நீளத்தை, ஆறு மாதமாகத் தேதி தவறியதை எல்லாம் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். என் வேலையில் பாதியை நீங்களே செய்து முடித்துவிட்டீர்கள்.

அந்த பீப் ஒலியிலிருந்து தொடங்குகிறேன். பொத்தானை அழுத்தியதும் எஸ்.எம்.பி.எஸ். என்கிற மின்பெட்டி, வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றி, எல்லா உறுப்புகளும் பொருந்தியிருக்கும் தாய்ப்பலகையான மதர்போர்டுக்குத் தருகிறது. அந்த அளவு ஒழுங்காக இருந்தால்தான் கணினியின் மூளையான ப்ராசஸர் விழிக்கும். விழித்ததும், மதர்போர்டில் பதித்திருக்கும் பயாஸ் சில்லில் உள்ள சிறிய நிரலை ஓட்டும். அந்த நிரல் முதலில் வீட்டைச் சுற்றிப் பார்க்கிறது: ராம் என்கிற தற்காலிக நினைவக அட்டை இருக்கிறதா, திரைக்குப் படம் அனுப்பும் பகுதி இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா என்று. திரையில் எதையும் எழுதிக்காட்ட முடியாத அந்தக் கட்டத்தில் குறை கண்டால், அதைச் சொல்ல அதற்கு இருக்கிற ஒரே வாய் அந்தச் சின்ன ஸ்பீக்கர்தான். ஆக, பீப் வருகிறதென்றால் மின்பெட்டி மின்சாரம் தருகிறது, ப்ராசஸர் ஓடுகிறது, பயாஸ் படிக்கப்படுகிறது. முழுவதும் செத்துப்போன மதர்போர்டு பீப் அடிக்காது. விசிறி மட்டும் சுற்றி, சத்தமே இல்லாமல் கிடந்திருந்தால் கடைக்காரர் சொன்னதை நானும் பாதி ஏற்றிருப்பேன்.

பீப் ஒலிகளுக்கான பொருள் பயாஸுக்குப் பயாஸ் மாறும். ஆனாலும் நீண்ட ஒலி விட்டுவிட்டு ஓயாமல் வருவது பெரும்பாலான மதர்போர்டுகளில் ராம் பற்றிய புகார். உங்கள் ஊரும் அதற்கு ஒத்துப்போகிறது. உப்பளக் காற்றில் சைக்கிள் சங்கிலியும் ஜன்னல் கம்பியும் என்ன ஆகின்றன என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2012இல் வாங்கியது என்பதால் உங்களுடையது டி.டி.ஆர்.3 வகை ராமாக இருக்கும். அந்த அட்டையின் அடி விளிம்பில் பொன்முலாம் பூசிய பற்கள் இரு பக்கமும் சேர்த்து 240. ஈர உப்பும் தூசியும் படிந்து அவற்றில் ஒன்றிரண்டு, ஸ்லாட் என்கிற செருகுமிடத்தைச் சரியாகத் தொடாவிட்டாலும் போதும், ராம் இல்லை என்றே பயாஸ் முடிவு செய்துவிடும். அன்றிரவு மின்சாரம் துள்ளியதில் ராமோ அதன் ஸ்லாட்டோ உண்மையாகவே கெட்டுப்போயிருக்கவும் கூடும். அதைச் செய்து பார்த்துத்தான் சொல்ல முடியும். செய்து பார்க்காமலே சொன்னவர் உங்கள் கடைக்காரர்.

இதில் உங்களுக்கு ஆறுதலான செய்தி ஒன்று இருக்கிறது. ராம் சோதனை நடக்கும்போது பயாஸ் இன்னும் ஹார்ட் டிஸ்க்கின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உங்கள் கடிதத்தில் ஹார்ட் டிஸ்க் கெட்டதற்கான அடையாளம் எதுவுமே இல்லை. பாட்டுகள் அநேகமாக அப்படியே இருக்கும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு கல்லூரி மாணவியின் கணினி விண்டோஸ் வரை வந்து நின்றுவிடுகிறது என்று கொண்டுவந்தார்கள். நான் கேட்கவில்லை, வழக்கம்போல் சி டிரைவை அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவி, அன்று மாலையே கொடுத்தேன். அவர் தன் ஆய்வேட்டை டெஸ்க்டாப்பில் வைத்திருந்தார். டெஸ்க்டாப்பில் வைப்பதெல்லாம் சி டிரைவில்தான் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் கேட்கவில்லை. எழுத்தில் பாதியை மென்பொருளால் மீட்டுக்கொடுத்தேன், மீதி போய்விட்டது. அன்றிலிருந்து, 'இதில் என்ன வைத்திருக்கிறீர்கள்?' என்று கேட்காமல் நான் எந்தக் கணினியின் திருகாணியையும் கழற்றுவதில்லை.

எனவே பழுது பார்ப்பதற்கு முன்னால் ஹார்ட் டிஸ்க்கை வெளியே எடுங்கள். பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, ஆன் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சம் தேங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பெட்டியைப் படுக்கவைத்துப் பின்புறத் திருகாணிகள் இரண்டைக் கழற்றினால் பக்கத் தகடு நழுவி வரும். எதைத் தொடுவதற்கு முன்னும் கைபேசியில் நான்கைந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வயர் எங்கே இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. பருத்தி உடுப்போடு இருங்கள். வேலை செய்யும்போது அடிக்கடி பெட்டியின் வர்ணம் பூசாத இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். உடம்பில் ஏறும் நிலைமின்சாரம் உங்களுக்கு உறைக்காது, சில்லுகளுக்கு உறைக்கும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். பிளக்கை எடுத்த பிறகும் அதனுள்ளே உள்ள மின்தேக்கிகளில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும்.

ஹார்ட் டிஸ்க் என்பது ஒரு கனமான உலோகச் செங்கல், சின்னப் பாடப்புத்தகம் அளவு. அதில் இரண்டு வயர்கள் செருகியிருக்கும்: அகலமானது மின்சாரத்துக்கு, குறுகியது தகவலுக்கு. இரண்டையும் நேராக இழுத்து எடுத்து, பக்கத் திருகாணிகளைக் கழற்றி, டிஸ்க்கை ஒரு துணியில் சுற்றி வையுங்கள். கீழே மட்டும் போட்டுவிடாதீர்கள். உள்ளே நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும் தட்டின்மேல் முடியிழையைவிடப் பல மடங்கு நெருக்கமான இடைவெளியில் ஒரு முள் மிதக்கிறது. மேசை உயரத்திலிருந்து விழுந்தாலே அதன் கதை முடியலாம்.

பிறகு, ஹார்ட் டிஸ்க்கை யூ.எஸ்.பி. வழியாக இன்னொரு கணினியில் இணைக்கும் அடாப்டர் ஒன்று வேண்டும். சாட்டா–யூ.எஸ்.பி. அடாப்டர் என்று கேளுங்கள். மடிக்கணினி டிஸ்க்குக்கு யூ.எஸ்.பி.யில் வரும் 5 வோல்ட் போதும். உங்களுடையதுபோன்ற மேசைக்கணினி டிஸ்க்குக்கு 12 வோல்ட்டும் வேண்டும். ஆகவே தனி மின் அடாப்டரோடு வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். இது தெரியாமல் வயர் மட்டும் வாங்கி, டிஸ்க் சுற்றாததைக் கண்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இணைக்க இன்னொரு கணினி இல்லையென்றால், உங்கள் பழைய மாணவர்களில் யாராவது பள்ளியில் அரசு கொடுத்த மடிக்கணினியை இன்னும் வைத்திருப்பார்கள். கேட்டால் ஆசிரியருக்கு மறுக்கமாட்டார்கள்.

இணைத்ததும் மூன்று விதமான செய்திகள் திரையில் வரலாம். 'இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று கேட்டால், அது டிஸ்க்கைத் துடைத்துவிடும் வேலை, தயவுசெய்து கேன்சல் அழுத்துங்கள். இணைப்பை எடுத்துவிட்டு அனுபவசாலி ஒருவரிடம் கொண்டுபோங்கள். 'டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யவா' என்று கேட்டாலும் இப்போது வேண்டாம். நகல் எடுத்த பிறகு எதையும் செய்துகொள்ளலாம். 'இந்த ஃபோல்டரைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை' என்றால் பயப்பட வேண்டாம். அது பழைய விண்டோஸ் போட்ட பூட்டு. கன்டின்யூ அழுத்திக் கொஞ்சம் காத்திருந்தால் திறக்கும். உங்கள் பழைய சி டிரைவ் இந்தக் கணினியில் வேறு எழுத்தில் தெரியும். அதற்குள் யூசர்ஸ், அதற்குள் உங்கள் பெயர், அதற்குள் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், மியூசிக். இவை மூன்றையும், பழைய டிஸ்க்கில் டி டிரைவ் இருந்திருந்தால் அதையும் முழுதாக நகலெடுங்கள். எது தேவை, எது தேவையில்லை என்று பிறகு பிரித்துக்கொள்ளலாம்.

ஒருவேளை டிஸ்க்கிலிருந்து டக், டக் என்று சீராகத் தட்டும் ஒலி வந்தால், அந்த நொடியே மின்சாரத்தை நிறுத்துங்கள். அது முள் தடுமாறும் சத்தம். ஓடவிடும் ஒவ்வொரு நிமிடமும் தட்டைச் சுரண்டும். தகவல் மீட்பு ஆய்வுக்கூடம் மட்டுமே தொட வேண்டிய நிலை அது, செலவும் அதிகம். உங்களுக்கு அப்படி நேராது என்றே நம்புகிறேன்.

நகலெடுக்கும்போது இன்னொன்றையும் சேர்த்து எடுக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப்போட்ட சொல் அதுதான்: பாமினி. கோப்புகளை மீட்டு, புதிய கணினியில் ஆசையோடு திறந்தவர்கள் பலர், 'எல்லாம் கெட்டுவிட்டது' என்று என்னிடம் அழாத குறையாக வந்திருக்கிறார்கள். கெட்டிருக்காது. பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்கள் தமிழ் எழுத்தின் வடிவத்தை ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்காரவைத்தவை. கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தாம். எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் முகமூடியைப் போடுகிறது. முகமூடி இல்லாத கணினியில் நீங்கள் அடித்த 'அம்மா', நான்கு ஆங்கில எழுத்துகளும் மகரப் புள்ளியின் இடத்தில் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். பார்த்தவர் குப்பை என்று நினைத்து அழித்துவிட்டால் ஒரு கிழவியின் பாட்டு போயிற்று.

ஆகவே பழைய டிஸ்க்கில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று ஒன்று இருக்கும். அதிலிருந்து நீங்கள் பயன்படுத்திய எழுத்துருக் கோப்புகளையும் நகலெடுத்து, பாட்டுகள் இருக்கும் அதே ஃபோல்டரில் வையுங்கள். பாமினி என்ற பெயரில் பல பதிப்புகள் உலவுகின்றன. உங்களுடையதே உங்கள் கோப்புக்குப் பொருந்தும் என்பது உறுதி. அதைப் புதிய கணினியில் நிறுவினால் பாட்டுகள் மறுபடி தமிழாக எழுந்து நிற்கும். அதற்குப் பிறகு நிதானமாக யூனிகோடுக்கு மாற்றுங்கள். தமிழ் எழுத்துக்கெனத் தனி இடம் தரும் பொதுக் குறியேற்றம் அது, முகமூடி தேவையில்லை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் டாம், டாப் என்ற குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் முன்வைக்கப்பட்டன; 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தர 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் பழைய குறியேற்றத்தில் ஏற்றிய நூல்களையும் பிறகு யூனிகோடுக்கு மாற்றினார்கள். அதே வேலைதான் உங்களுக்கும். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. இவை கோப்பில் இடையிடையே உண்மையாகவே ஆங்கிலத்தில் அடித்த சொற்களையும் தமிழென்று எண்ணி மாற்றிவிடும், கவனியுங்கள். உங்கள் பாட்டுகளில் வரும் உப்பளச் சொற்களையும் வட்டார உச்சரிப்பையும் வேறு யாராலும் மெய்ப்புப் பார்க்க முடியாது. மாற்றிய பிறகும் பாமினி மூலத்தை அழிக்காதீர்கள்.

இப்போது கணினிக்கு வருவோம். டிஸ்க் வெளியே இருக்கும் நிலையில், ராம் அட்டையின் இரு முனையிலும் உள்ள பிடிகளை வெளிப்புறம் தள்ளினால் அட்டை மேலெழும். பற்களைக் கையால் தொடாமல், பள்ளிக்கூட அழிரப்பரால் இரு பக்கமும் மெல்லத் தேய்த்து, தூளை உலர்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள். ஸ்லாட்டையும் தூரிகையால் சுத்தம் செய்யலாம். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் படும். அடியிலுள்ள வெட்டு ஒரு பக்கம் தள்ளி இருக்கும். அதைப் பொருத்தி, இரண்டு பிடிகளும் 'டிக்' என்று தாமே மூடும்வரை அழுத்துங்கள். பயந்து பாதியில் விட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்வது. இரண்டு அட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றாக, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் எங்கே வைத்தாலும் பீப் அடித்தால் அந்த அட்டை போயிற்று. எந்த அட்டையை வைத்தாலும் ஒரு ஸ்லாட் மட்டும் அடித்தால் ஸ்லாட் போயிற்று. அதை விட்டுவிட்டு அடுத்த ஸ்லாட்டில் பிழைத்துக்கொள்ளலாம்.

அதே மூச்சில் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். தேதி தவறியது அதனால்தான். மதர்போர்டில் நாணயம் போன்ற வெள்ளி நிற வட்டம் ஒன்று இருக்கும், சி.ஆர்.2032, 3 வோல்ட். ஒரு காபி, டிபன் செலவுக்குக் கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். கூட்டல் குறி உள்ள பக்கம் மேலே.

பேட்டரி மாற்றினால் ஒரு பின்விளைவு வரலாம். இதை அறியாமல் பலர் ஏமாந்திருக்கிறார்கள். பயாஸ் தன் பழைய அமைப்பை மறந்து தொழிற்சாலை அமைப்புக்குப் போயிருக்கும். டிஸ்க்கோடு எந்த முறையில் பேசுவது என்பதைக் குறிக்கும் சாட்டா மோட் என்ற இடத்தில் முன்பு ஐ.டி.இ. என்று இருந்தது இப்போது ஏ.எச்.சி.ஐ. என்றோ, அதற்கு மாறாகவோ ஆகியிருக்கக்கூடும். அப்படி ஆனால் டிஸ்க்கை மீண்டும் மாட்டியதும் விண்டோஸ் 7 சின்னம் தோன்றிய கையோடு நீலத்திரை வந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். விண்டோஸ் கெட்டுவிட்டது, ஃபார்மட் செய்ய வேண்டும் என்று சொல்வார்கள். வேண்டாம். பயாஸுக்குள் போய் அந்த ஒரு வரியை மற்றதாக மாற்றிச் சேமியுங்கள், பெரும்பாலும் எழுந்துவிடும். தேதியையும் அங்கேயே திருத்திவிடுங்கள்.

இதையெல்லாம் செய்தும் பீப் நிற்கவில்லை, தெரிந்தவரின் நல்ல டி.டி.ஆர்.3 ராமை வைத்துப் பார்த்தும் மாற்றமில்லை என்றால், அப்போது கடைக்காரர் சொன்னது சரி. அந்தப் பழைய மதர்போர்டுக்கு ஈடு தேடி இன்னொரு பழைய போர்டு வாங்க நான் பரிந்துரைக்கமாட்டேன். புதிய கணினியே வாங்குங்கள்; டிஸ்க் இல்லாத பெட்டியை அப்போது தாராளமாகக் கொடுத்துவிடலாம். பிழைத்துக்கொண்டாலும், விண்டோஸ் 7க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2020 ஜனவரி 14உடன் நின்றுவிட்டது. தட்டச்சு செய்ய அது போதும். வங்கிக் கணக்கையும் ஓய்வூதிய விவரத்தையும் அதில் திறக்காதீர்கள்.

மீட்ட கோப்புகளுக்கு மூன்று நகல் இருக்கட்டும். ஒன்று கணினியில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் மகன் அல்லது மகள் வீட்டில். 2018 நவம்பரில் கஜா புயல் உங்கள் பகுதியை என்ன செய்தது என்று நாடே பார்த்தது. எல்லா நகல்களும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது. பென் டிரைவ் எடுத்துச் செல்வதற்கு மட்டும்தான். யூனிகோடுக்கு மாற்றியதும் தமிழ் இணையக் கல்விக்கழகத்துக்கோ ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ எழுதிக் கேளுங்கள். இடி இடிக்கும் இரவுகளில் சுவிட்சை அணைப்பது போதாது. கணினி பிளக்கையும் பிராட்பேண்ட் வயரையும் உருவி வையுங்கள்.

ராமைத் துடைத்து மாட்டிய பிறகும் ஒலி வந்தால், ஒவ்வொரு பீப்பும் எத்தனை விநாடி நீள்கிறது, இடையில் எவ்வளவு இடைவெளி என்று எண்ணி எழுதுங்கள். மதர்போர்டின் நடுவில் அச்சிட்டிருக்கும் மாடல் எண்ணையும் சேர்த்து எழுதினால், அந்தப் போர்டின் பீப் எதைச் சொல்கிறது என்று பார்த்து மறுபடி பதில் எழுதுகிறேன்.